தலைமாட்டு நோட்டு

எங்கள் சந்து கச்சேரி ரோட்டிலிருந்து உள்ளே வளைந்து போகும். அங்கே எல்லாருடைய தலையும் கொஞ்சம் நரைத்தே இருக்கும். ஹாஜிரா பீ வீட்டு இலவம்பஞ்சின் உபயம். பஞ்சு அடிக்கிற நாளில் அது ஜன்னல் வழியாக வெளியே வந்து, அவசரமே இல்லாமல் மிதந்து, கொடியில் காயும் துணியில் உட்கார்ந்து, கொதிக்கிற ரசத்தில் இறங்கி, தூங்குகிற பிள்ளைகளின் இமையில் ஒட்டிக்கொள்ளும். புதிதாகக் குடிவந்தவர்கள் முதல் வாரம் சண்டைக்குப் போவார்கள். அடுத்த வாரம் ஒரு தலையணைக்கு அச்சாரம் கொடுத்துவிட்டு வருவார்கள். வெயில் சாய்கிற நேரத்தில் சந்து முனையில் நின்று பார்த்தால், வெளிச்சமும் பஞ்சும் கலந்து, வீடுகள் தரையைத் தொடாமல் நிற்கிற மாதிரி இருக்கும். நாங்கள் அதற்குப் பழகிப்போயிருந்தோம்.

ஹாஜிரா பீக்கு ஐம்பது கடந்திருக்கும். புருஷன் போய்ச் சேர்ந்து வெகுநாள். மெத்தையும் தலையணையும் தைப்பதுதான் பிழைப்பு. காலையில் முக்காட்டை மூக்கோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, இரண்டு கையிலும் குச்சி பிடித்துப் பஞ்சை அடிக்க உட்கார்ந்தால், அந்தச் சத்தம் தூறல் மாதிரி மதியம் வரை கேட்கும். மருமகள் நஸ்ருன்னிசா கோடு போட்ட உறைத்துணியை வெட்டி மூன்று பக்கம் தைத்து வைப்பாள். நாலாவது பக்கத்து வாய் வழியாகப் பஞ்சைத் திணித்து, மூலைகளை முஷ்டியால் குத்திச் சமமாக்கி, வாயை மூடித் தைத்து, நீள ஊசியால் மேலும் கீழும் இழுத்து முடிச்சுப் போடுவது மாமியாரின் வேலை. மருமகளின் முடிச்சில் அவளுக்கு நம்பிக்கை கிடையாது. அதை ஒளிக்கவும் மாட்டாள்.

வீடு என்பது ஒரே அறை. பாதியில் பஞ்சு, மீதியில் இரண்டு பெண்களும் ஷமீம் என்ற பெண் குழந்தையும். ஷமீமின் அப்பா மெஹபூப் பாஷா துபாயில் இருந்தான். நஸ்ருன்னிசா கர்ப்பமாக இருக்கும்போதே பம்பாய் போய்க் கப்பல் ஏறியவன். குழந்தைக்கு இரண்டரை வயது ஆகிவிட்டது. அப்பா எங்கே என்று கேட்டால் சுவரில் மாட்டியிருந்த போட்டோவைச் சரியாகக் கைகாட்டும். வேறு யாராவது மீசை வைத்த ஆள் வாசலில் வந்து நின்றாலும் கைகாட்டும்.

துபாய் எங்களுக்கு ஓர் ஊராகவே தெரிந்ததில்லை. அங்கே மழை கிடையாதாம், குடிக்கிற தண்ணீரை விலைக்கு வாங்குவார்களாம், ஒரு காலத்தில் நம் ரூபாயே அங்கேயும் ஓடியதாம், இப்போது திர்ஹாம் என்று தனியாக அடித்துக்கொண்டார்களாம். இதையெல்லாம் டீக்கடையில் பொறையை நனைத்துக்கொண்டே பேசுவோம். அந்தத் திர்ஹாம் எப்படி ரூபாயாகி மயிலாப்பூர் வரைக்கும் வந்து சேருகிறது என்பதுதான் பெரிய பேச்சு. பாங்கு டிராப்ட் வரும், ஆனால் அதை மாற்ற வீட்டில் ஒருவருக்குக் கணக்கு வேண்டும், கணக்குத் திறக்க இன்னொரு கணக்குக்காரர் கையெழுத்துப் போட வேண்டும். எங்கள் சந்தில் பாங்குக்குள் நுழைந்தவர்களே குறைவு. வெளிநாட்டிலிருந்து மணியார்டர் வருமா என்று தபால்காரரைக் கேட்டால் அவர் எங்களையே திருப்பிக் கேட்பார். ஊர் திரும்புகிறவர்களிடம் டிரான்சிஸ்டரோ டெர்லின் துணியோ கொடுத்தனுப்பினால் அதை பர்மா பஜாரில் விற்றுக் காசாக்கலாம். கொண்டுவருகிறவன் நல்லவனாக இருக்க வேண்டும், சுங்கத்துக்காரன் அன்றைக்கு நல்ல மனசோடு இருக்க வேண்டும். இதெல்லாம் போக மீதி இருந்த வழிதான் உண்டியல்.

உண்டியல் என்றதும் கோயில் உண்டியலை நினைக்க வேண்டாம். மெஹபூப் பாஷா புறப்படுவதற்கு முன்னால் ஆறு புது ஒரு ரூபாய் நோட்டுகளை எடுத்து, அவற்றின் நம்பர்களை எழுதி வைத்துக்கொண்டு, நோட்டுகளை அம்மாவின் தகரப் பெட்டியில் வைத்துவிட்டுப் போனான். அங்கே சம்பளத்தில் மிச்சம் பிடித்ததை ஓர் ஆளிடம் கொடுத்து ஒரு நோட்டின் நம்பரைச் சொல்லுவான். சில நாளில் இங்கே ஓர் ஆள் வாசலில் வந்து அந்த நம்பர் நோட்டைக் கேட்பான். நோட்டைக் கொடுத்தால் ரூபாய்க் கட்டைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவான். ரசீது கிடையாது, கையெழுத்து கிடையாது. பணம் துபாயை விட்டு நகர்வதே இல்லை, நம்பர் மட்டும்தான் கடல் தாண்டி வருகிறது என்று முருகையன் எங்களுக்கு விளக்கினான். முருகையன் மெத்தைகளை ட்ரைசைக்கிளில் ஏற்றிப்போய் வீடுகளில் இறக்குகிறவன். இந்தக் கதையில் நான் நேரில் பார்க்காததெல்லாம் அவன் சொன்னது. கொஞ்சம் கூட்டித்தான் சொல்லுவான்.

"இந்த நோட்டு தீர்றதுக்குள்ள வந்துடுவேன்" என்று மெஹபூப் பாஷா பெண்டாட்டியிடம் சொல்லிவிட்டுப் போனது சந்துக்கே தெரியும். அதனால் ஒவ்வொரு நோட்டு போகும்போதும் நஸ்ருன்னிசாவின் முகம் தெளியும். பணம் வந்த சந்தோஷம் என்று பார்ப்பவர்கள் நினைத்துக்கொள்வார்கள். ஐந்தாவது நோட்டும் போய் ஒன்றே ஒன்று மீதி இருந்தபோது, ஆடி மாசக் கடைசியில் அவனிடமிருந்து கடிதம் வந்தது. வேலை நன்றாக இருக்கிறது, கண்ட்ராக்டை நீட்டிக்கிறார்கள், இன்னும் ஆறு புது நோட்டு மாற்றி நம்பர் எழுதி அனுப்பு என்று எழுதியிருந்தான். ஹாஜிரா பீ அதை வாசலில் வைத்துப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். பிறகு பக்கத்து வீட்டுக்காரர் பாங்குக்குப் போகும்போது புது நோட்டு மாற்றி வாங்கிவரச் சொல்லி அதே பெட்டியில் போட்டு வைத்தாள். பணம் கொண்டுவருகிற ஆள் வரும்போது நம்பரைச் சொல்லிக்கொள்ளலாம் என்றாள். நஸ்ருன்னிசா அன்று முழுக்கத் தையல் மெஷினை விட்டு எழுந்திருக்கவில்லை.

அந்த ஆவணியில்தான் அபிராமபுரத்து மெத்தை தைத்தார்கள். அபிராமபுரத்தில் குடியிருந்துகொண்டு தி.நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் திருநெல்வேலிக்காரர் நல்லசிவத்தின் மகனுக்குக் கல்யாணம். கல்யாண மெத்தை என்றால் ஹாஜிரா பீ வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. தலைமாட்டுப் பக்கம் உறையின் உள்புறத்தில், மடிக்காத புது ஒரு ரூபாய் நோட்டு ஒன்றை வைத்து நாலு தையல் போட்டு, அந்த ஜோடிக்காக துவா ஓதிய பிறகுதான் பஞ்சைத் திணிப்பாள். அவளுடைய மாமியார் காலத்தில் நாணயம்தான் போட்டார்களாம். நாணயம் பஞ்சுக்குள் நகர்ந்து நகர்ந்து கால்மாட்டுக்குப் போய்விடுகிறது, பரக்கத் என்கிற இறையருள் காலடியில் கிடந்தால் என்ன பிரயோஜனம் என்று இவள் நோட்டுக்கு மாற்றினாள். வாங்குகிறவர்களிடம் இதைச் சொல்லுவதில்லை. அன்றைக்கு அவள் திருவல்லிக்கேணியில் ஒரு சாவுக்குப் போயிருந்தாள். நோட்டு வைத்துத் தைத்தது நஸ்ருன்னிசா.

புரட்டாசியில் மழை பிடித்துக்கொண்டதும் ஜன்னலைச் சாத்திவிட்டார்கள். பஞ்சு ஈரம் பட்டால் கட்டி தட்டிவிடும். சாத்திய அறைக்குள் பஞ்சும் குழந்தையும் ஒன்றாகக் கிடந்ததில் ஷமீமுக்கு இருமல் வந்தது. முதலில் சாதாரண இருமல். பிறகு ஒவ்வொரு மூச்சுக்கும் நெஞ்சுக்கூடு உள்வாங்க ஆரம்பித்தது. டாக்டரம்மா குழந்தையின் முதுகில் குழாயை வைத்தபடியே ஹாஜிரா பீயின் முந்தானையில் ஒட்டியிருந்த பஞ்சையும் பார்த்தாள். பஞ்சு ஓர் இடத்தில், குழந்தை ஓர் இடத்தில் இருக்க வேண்டும், மருந்து அப்புறம் என்று சொல்லிவிட்டாள். சந்து முனையில் கரிக்கடை இருந்த இடம் காலியாகக் கிடந்தது, பஞ்சு வேலையை அங்கே மாற்றலாம். இடத்துச் சொந்தக்காரர் கோதண்டபாணி முன்பணம் கேட்டார். வருகிற சனிக்கிழமைக்குள் கொடுக்காவிட்டால் சைக்கிள் கடைக்காரனுக்கு விட்டுவிடுவேன் என்றார். துபாய்ப் பணம் இன்றைக்கு வரும் நாளைக்கு வரும் என்று வாசலைப் பார்த்துக்கொண்டே ஹாஜிரா பீ குச்சியைப் போட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தாள். அவள் சும்மா உட்கார்ந்து நாங்கள் பார்த்ததில்லை.

ஐப்பசியில் மழை விட்டிருந்த ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் பொன்ராஜ் வந்தான். தெற்கத்திக்காரன். சட்டைக் காலரில் குடையை மாட்டிக்கொண்டு சைக்கிளில் வருவான். பார்த்தால் ஜவுளிக்கடைச் சிப்பந்தி மாதிரி இருக்கும். ஐந்து தடவையும் பணம் கொண்டுவந்தவன் அவன்தான். உள்ளே வந்து உட்கார்ந்ததே இல்லை.

"சொகமா இருக்கியளா பாயம்மா?"

"கீறோம்ப்பா. டீ போடச் சொல்லட்டா?"

"இருக்கட்டும். நோட்டக் குடுங்க, நான் கெளம்புதேன். எமர்ஜென்சி வந்ததுலேருந்து வழியெல்லாம் ஒரே கெடுபிடி. பையத் தொறந்து பாத்துப்புடுதானுவ."

ஹாஜிரா பீ பெட்டியைத் திறந்து நோட்டுகளை எடுத்து நீட்டினாள். பொன்ராஜ் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துவிட்டு அப்படியே திருப்பிக் கொடுத்தான்.

"எல்லாம் வேற நம்பரா இருக்கே. நான் கேக்குத நோட்டு இதுல இல்ல."

"நல்லா பாருப்பா. ஒண்ணு பயசு கீது பாரு, பையன் வச்சிட்டுப் போனது."

"எல்லாம் ஒரே புதுசுல்லா."

திரைக்குப் பின்னாலிருந்து நஸ்ருன்னிசா பேசினாள். "அம்மா, அது அபிராமபுரத்து மெத்தையில பூட்ச்சு."

"இன்னாது?"

"கல்யாண மெத்தைக்கு வெச்சனே. அதான் அது."

ஹாஜிரா பீ வீட்டுக்குள் பேசுவது உருது, வாசலில் பேசுவது தமிழ். அன்றைக்கு இரண்டும் கலந்து வந்தது. தமிழில் வந்த வரைக்கும் எங்களுக்குப் புரிந்தது. "பொட்டி நெறிய நோட்டு கீது. அத்தினி நோட்டுல அந்த ஒரு நோட்டுதான் ஆப்ட்டுச்சா ஒன் கைக்கு? கண்ணு எங்க போச்சு?"

"அவசரத்துல கையில வந்தத எடுத்துட்டேன்."

பொன்ராஜ் குடையைக் கழற்றி மறுபடி மாட்டினான். "நம்பர நீங்க சொன்னாலும் காரியமில்ல பாயம்மா. நோட்டக் கொண்டு போயி மொதலாளி கையில வச்சாத்தான் நான் பணத்தக் குடுத்ததுக்குச் சாட்சி. இல்லன்னா நான் முழுங்கிட்டேம்பாவ. எனக்கும் ரெண்டு பொட்டப் புள்ளைய இருக்கு."

"ஒன்னிய நா தப்பா சொல்லுவனா? நாளைக்கு வா. எடுத்தாந்து வெக்கிறேன்."

"நாளைக்குச் சாயந்திரம் வாரேன். அதோட ஊருக்குப் போயிருவேன். பொங்கல் கழிச்சுதான் இந்தப் பக்கம் வருவேன், பாத்துக்கிடுங்க."

அவன் போன பிறகு சந்தே ஹாஜிரா பீ வாசலில் கூடியது. வேறொரு நோட்டில் நம்பரைச் சுரண்டிவிட்டு மையால் எழுதிக்கொடு என்று ஒருவர் யோசனை சொன்னார். அவர் அச்சாபீஸில் வேலை செய்கிறவர், அவருக்கு அப்படித்தான் தோன்றும். உள்ளே குழந்தை இருமிக்கொண்டே இருந்தது. தாயம்மா, முருகையனின் பெண்டாட்டி, குழந்தையைத் தூக்கிக்கொண்டு தன் வீட்டுக்குப் போனாள். மறுநாள் திரும்பி வரும்வரை அங்கேயே இருக்கட்டும் என்றாள்.

காலையில் முருகையன் ட்ரைசைக்கிளில் கோணியை விரித்து மாமியாரையும் மருமகளையும் உட்கார வைத்து மிதித்தான். வானம் இறங்கி வந்து மாடவீதி மாடிகளின்மேல் உட்கார்ந்திருந்ததாம். குளம் நிரம்பிப் படிகள் கண்ணுக்குத் தெரியவில்லை. பூக்காரிகள் சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு சரம் கட்டிக்கொண்டிருந்தார்கள். தீபாவளிக்குத் துணி எடுக்கப் போகிற கூட்டம் லஸ் முனையில் தி.நகர் பஸ்ஸுக்கு நின்றது. அந்தக் கூட்டத்தைத் தாண்டியதும் சத்தமெல்லாம் பின்தங்கிப்போய், அபிராமபுரத்தில் நுழைந்தபோது மரங்களிலிருந்து சொட்டுகிற தண்ணீரும் சைக்கிள் செயினும்தான் கேட்டன. மழைத்தண்ணி தேங்கிய தெருவில் மேகத்தின் மேலேயே வண்டி ஓட்டிக்கொண்டு போனதாக முருகையன் சொன்னான். கூட்டிச் சொல்லுகிற ஆள் என்றாலும், அதை மட்டும் நான் நம்புகிறேன்.

நல்லசிவம் வீட்டில் ஆண்கள் யாரும் இல்லை. தீபாவளிச் சமயம், எல்லாரும் கடையில். அவருடைய மனைவி சண்முகவடிவு வாசலுக்கு வந்து, மெத்தைக்காரம்மாவைப் பார்த்ததும் உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னாள். முருகையன் வாசற்படியிலேயே நின்றுகொண்டான். தட்டில் முந்திரிக்கொத்து வந்தது. ஹாஜிரா பீ அதைத் தொடாமல் விஷயத்தைச் சொன்னாள். இத்தனை வருஷத்தில் தலைமாட்டு நோட்டைப் பற்றி வாங்கினவர்களிடம் அவள் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை. வேறு நோட்டு கொண்டுவந்திருக்கிறேன், அதை வைத்துத் தைத்துவிட்டு இதை எடுத்துக்கொள்கிறேன் என்றாள்.

சண்முகவடிவுக்குக் கோபம் வரவில்லை. அது வந்திருந்தால் தேவலை. அவள் நாற்காலியில் மெதுவாகச் சாய்ந்துகொண்டாள்.

"தலைமாட்டுல லெச்சுமிய வச்சுத் தச்சிருக்கிய. எங்களுக்குத் தெரியாமலே வச்சிருக்கிய. கேக்கதுக்கு எம்புட்டு நல்லாருக்கு. இப்பம் அத எடுக்கணும்னு சொல்லுதியளே பாயம்மா, நான் எப்படிச் சம்மதிப்பேன்?"

"எடுத்துக்கினு சும்மா போவலம்மா. வேற வெக்கிறேன்."

"எங்க மருமக முழுகாம இருக்கா. இப்பந்தான் நாள் தள்ளியிருக்கு. வெளிய யார்கிட்டயும் சொல்லல, ஒங்கள்ட்ட சொல்லுதேன். ஆவணியில நீங்க வச்ச வேள நல்ல வேளன்னுதானே அர்த்தம்? அந்த நோட்டுலதான அவ தலய வச்சுப் படுத்திருந்தா? அத உருவிட்டு வேற ஒண்ணச் சொருவுனா மனசு கேக்குமா? நீங்களே சொல்லுங்க. நீங்களும் புள்ள பெத்தவிய."

மருமகள் ஜெயபாரதி அடுக்களைக் கதவோரம் நின்றுகொண்டிருந்தாள். சின்னப் பெண். "ராத்திரியில தலைக்குக் கீழ சரசரன்னு கேக்கும் அத்தை. நான் எலின்னு நெனச்சேன்" என்றாள். சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

ஹாஜிரா பீ கொண்டுவந்த புது நோட்டை இடுப்புப் பைக்குள் திரும்ப வைத்தாள். நோட்டுக்குள் பரக்கத் இருக்கிறது என்று ஊரில் யார் நம்பாவிட்டாலும் நம்புகிறவள் அவள். இன்னொருத்தி வயிற்றில் ஒரு பிள்ளை தங்கியிருக்கும்போது தலைமாட்டிலிருந்து அதைப் பிடுங்க அவளால் முடியாது. அவள் எழுந்தாள்.

"நீங்கோ சொல்றது சரிம்மா. வெச்சது வெச்சதுதான். நா கேட்டிருக்கக் கூடாது." மருமகளைப் பார்த்து, "எந்திரி. போலாம்" என்றாள்.

"கொயந்த?" என்றாள் நஸ்ருன்னிசா.

"அல்லா பாத்துக்குவான். எந்திரி."

நஸ்ருன்னிசா எழுந்திருக்கவில்லை. அதுவரை முந்தானை நுனியைத் திருகிக்கொண்டிருந்தவள் கையை மடியில் வைத்தாள். மாமியாரிடம் அவள் உருதுவில் பேசியிருக்கலாம். அந்த வீட்டுக்காரர்களுக்கும் புரியவேண்டும் என்றுதான் தமிழில் பேசினாள் என்று முருகையன் சொன்னான்.

"அம்மா, அந்த நோட்டுல இவங்களுக்காக நா துவா ஓதல."

"இன்னா சொல்றே நீ?"

"ஓதல. வேற ஒண்ணு கேட்டேன்."

சண்முகவடிவு நிமிர்ந்து உட்கார்ந்தாள். "வேற என்னத்தக் கேட்ட?"

"அவசரத்துல எடுத்தேன்னு சொன்னது பொய்யி. பொட்டியில நோட்டுங்கோ இருந்திச்சு. நம்பரப் பாத்து, இதுதான் கடசீ நோட்டுன்னு பாத்துத்தான் எடுத்தேன்." அவள் மாமியாரின் காலைப் பார்த்துக்கொண்டு பேசினாள். "இது தீர்றதுக்குள்ள வந்துடுவேன்னு சொல்ட்டுப் போனாரு. ஒவ்வொண்ணா போவ சொல்லோ நாளு கொறையுதுன்னு நெனச்சுக்கினு இருந்தேன். அப்பால இன்னும் ஆறு நம்பரு எய்தி அனுப்புன்னு காயிதம் வந்துச்சு. அந்த ஆறு தீந்தா இன்னும் ஆறு கேப்பாரு. இந்த நோட்டு கையில இல்லாங்காட்டி துட்டு வராது. துட்டு வர்ற வயி அடஞ்சு பூட்டா, ஆளு வந்துதான ஆவணும்? அதத்தான் கேட்டுக்கினு தெச்சேன். அப்ப கொயந்தைக்கு இருமலு வரல. கடை பேச்சும் வரல. எனக்குத் தெரியாது."

மாடியிலிருந்து தண்ணீர் குழாய் வழியாக இறங்கிக்கொண்டிருந்தது. ஹாஜிரா பீ மருமகளை அடிக்கப் போகிறாள் என்றே முருகையன் நினைத்தானாம். அவள் அடிக்கவில்லை, பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். தினமும் எதிரில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்த பெண் இவள்தானா என்று பார்த்துக்கொண்டே இருந்தாளாம்.

"அப்பம் அது எங்க புள்ளைக்கு வச்சதில்ல" என்றாள் சண்முகவடிவு. சொன்னபோது குரலில் கொஞ்சம் ஏமாற்றம் இருந்தது. உடனே அதை விழுங்கிக்கொண்டாள். "ஏட்டி பாரதி, கத்திரிக்கோல எடுத்துட்டு வா."

ஜெயபாரதி அதற்கு முன்பே எடுத்துக்கொண்டு வந்து நின்றாள்.

முருகையன் மெத்தையைத் தூக்கி மாடிக் கூடத்துக்குக் கொண்டுவந்து போட்டான். ஹாஜிரா பீயே தலைமாட்டுத் தையலைப் பிரித்தாள். ஒரு சாண் பிரித்ததும் பஞ்சு மூச்சு விட்ட மாதிரி வெளியே வந்து அந்தக் கூடம் முழுக்க மிதந்தது. கையை உள்ளே விட்டு நாலு தையலை அறுத்து நோட்டை எடுத்தாள். அதை மருமகளிடம் கொடுக்காமல் தன் இடுப்புப் பைக்குள் வைத்துக்கொண்டாள். புது நோட்டை வைத்துத் தைத்த பிறகு, ஜெயபாரதியைப் பக்கத்தில் உட்காரச் சொல்லி அவள் தலைக்கு மேலே கையேந்தி ஓதினாள். இரண்டு மெத்தைக்கு ஓதுகிற அளவுக்கு ஓதினாள் என்றான் முருகையன். சண்முகவடிவு முந்திரிக்கொத்தைக் காகிதத்தில் கட்டி நஸ்ருன்னிசாவின் மடியில் வைத்தாள். "ஒன் வீட்டுக்காரர் வந்ததும் கூட்டிட்டு வாட்டி" என்றாள்.

திரும்பும்போது தூறிக்கொண்டிருந்தது. முருகையன் மேலே பிளாஸ்டிக் ஷீட்டைப் போர்த்திவிட்டான். பின்னால் பேச்சு வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டே மிதித்தானாம். ஒரே ஒரு தடவை ஹாஜிரா பீ கேட்டாள். "ராத்திரியில தூங்குறியா நீ?" லஸ் முனையில் வண்டியை ஒடிக்கும்போது அவன் திரும்பிப் பார்த்தான். மாமியார் மருமகளின் தலையிலிருந்து பஞ்சை ஒவ்வொன்றாக எடுத்து வெளியே விட்டுக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் பொன்ராஜ் வந்தபோது நான் அங்கே இருந்தேன். ஹாஜிரா பீ நோட்டைக் கொடுத்தாள். அவன் அதை வெளிச்சத்தில் பிடித்து நம்பரைப் பார்த்தான். தையல் விழுந்திருந்த துளைகளையும் பார்த்தான். மடித்து உள்பையில் வைத்துக்கொண்டு, துணிப்பையிலிருந்து கட்டை எடுத்து அவளிடம் நீட்டினான். அவள் எண்ணிப் பார்க்காமல், பக்கத்தில் நின்ற தாயம்மாவிடம் அதைக் கொடுத்து, கோதண்டபாணி வீட்டுக்குப் போய்க் கடைச் சாவி வாங்கி வரச் சொன்னாள். தாயம்மா ஒரு கையால் குழந்தையை இடுப்பில் பிடித்துக்கொண்டு, மறு கையால் கட்டை முந்தானைக்குள் பொத்திக்கொண்டு நடந்தாள்.

பொன்ராஜ் பென்சிலை எடுத்தான். "அடுத்த நோட்டு நம்பரச் சொல்லுங்க பாயம்மா. ஆறும் சொல்லச் சொன்னாவ. நான் குறிச்சுக்கிடுதேன்."

"நம்பரு கெடையாது."

"நேத்து பொட்டியில பாத்தனே. புது நோட்டா இருந்துதே."

"அது மெத்தைக்கு. மெத்தைக்கு மட்டுந்தான்."

"அப்பம் பணம் எப்படி வரும்?"

"வராது."

பொன்ராஜுக்கு ஒன்றும் புரியவில்லை. என்னைப் பார்த்தான். "பாயம்மா, அவிய அங்க கஷ்டப்பட்டுச் சம்பாதிக்குதாவ. இங்க வாங்கதுக்கு வழி இல்லன்னா அந்தப் பணம் அங்கயே கெடக்கும்."

"கெடக்கட்டும்ப்பா. மெஹபூப் பாஷாவ வரச் சொல்லு. வந்து அவன் கையால குடுக்கட்டும். பொண்ணு மூஞ்சியப் பாத்துட்டுக் குடுக்கட்டும்."

"நான் நம்பரத்தான் கொண்டு போவேன். சேதி கொண்டு போறதில்ல."

"நம்பரு குடுக்க மாட்டேன்னுட்டாங்கன்னு சொல்லு. போதும், புரிஞ்சுக்குவான்."

"வரலன்னா என்ன செய்விய?"

அதை ஹாஜிரா பீ யோசிக்காமல் இருந்திருக்க மாட்டாள். அவளுடைய ஒரே பிள்ளை. "குச்சி கீது, ஊசி கீது" என்றாள். "நீ பாத்துப் போப்பா. இருட்டுறதுக்குள்ள போ."

அவன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சந்து முனை வரைக்கும் போய், திரும்பிப் பார்த்துவிட்டு ஏறி மிதித்தான். ஹாஜிரா பீ பெட்டியை மூடினாள். நஸ்ருன்னிசா திரையை விலக்கிக்கொண்டு வாசலுக்கே வந்துவிட்டாள். எங்களெதிரே அவள் அப்படி வந்ததில்லை. அழுத முகம். மாமியாரின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, அவரு கோச்சுக்குவாரு."

"கோச்சுக்கினாவது வரட்டும்" என்றாள் ஹாஜிரா பீ.